மேல்முறையீடு வந்து சேருமுன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம். ஆரோவில்லுக்குப் போகும் வழி என்பதால் வெளியூர் முகங்கள் இங்கே பழக்கம். இங்கிருந்து ஒரு பையன் கஞ்சா கேஸில் தண்டனை பெற்றால், அவன் வீட்டார் அடுத்து ஏற வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்தின் படி. வழக்கறிஞர் முதலில் கேட்பது, “எத்தனை கிலோ?”

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே எடையைப் பொறுத்தது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, ஒரு லட்சம் அபராதம்.

இதைவிடக் கடுமையான பிரிவுகள் 35, 54. பொருள் உன்னிடம் இருந்தது என்று அரசு நிரூபித்துவிட்டால், அது உனக்குத் தெரியாது என்று காட்டும் பாரம் உன் தலையில். ஆகவே மேல்முறையீட்டில் வாதம் முழுக்க பிடிபட்ட அந்த முதல் சில மணி நேரத்தைச் சுற்றியே நடக்கும். கிடைத்த தகவலை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார்களா? உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று சொன்னார்களா? (கையிலிருக்கும் பைக்கு இந்த விதி பொருந்தாது; இதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள்.) மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்தார்களா? மகஜரில் உள்ள எடையும் ஆய்வகத்துக்குப் போன பொட்டலமும் ஒத்துப்போகின்றனவா?

இவற்றை ‘சட்டத்தின் ஓட்டை’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குற்றத்தை அனுமானித்தே தொடங்கும் சட்டத்தில், பிடிபட்டவனுக்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பே இவைதான்.

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்று இதை நாடு முழுவதற்கும் காட்டியது. 2004 அக்டோபரில் சென்னையில் ஐந்து கிலோவுக்கும் அதிகமான ஹெராயினோடு ஒரு கார் பிடிபட்டது. காரில் இருந்த தூபான் சிங்குக்கு 10 ஆண்டு சிறை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்டனைக்கு முக்கிய ஆதாரம், 67ஆம் பிரிவின்கீழ் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரியிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். காவல்துறையிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்பது 1872இலிருந்தே சட்டம். இந்த அதிகாரிகள் காவலர்களா இல்லையா? 2013இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இக்கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பி, அவரது தண்டனையை நிறுத்திவைத்தது. அதற்குள் ஒன்பது ஆண்டுக்கு மேல் உள்ளே கழிந்திருந்தது.

விடை 2020 அக்டோபர் 29 அன்று வந்தது. நீதிபதிகள் நாரிமன், நவீன் சின்ஹா இருவரும் அதிகாரிகள் காவலர்களே, அந்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றார்கள். இந்திரா பானர்ஜி மாறுபட்டார். பெரும்பான்மை சொன்னது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் பத்தாண்டுத் தண்டனையில் ஒன்பதைக் கழித்தவருக்கு அது எதைத் திருப்பித் தரும்?

அதனால் குயிலாப்பாளையத்துக் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, அப்பீலோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்திவைப்பதையும்தான். வணிக அளவு என்றால் ஜாமீனைக் கட்டுப்படுத்தும் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆனாலும் கேட்க வேண்டும். அப்பீலுக்கு 60 நாள் கெடு. சிறையில் இருப்பவர் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துத் தரும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்புகூடக் கிடையாது.