இரண்டாயிரம் ரியெலுக்கு ஒரு வாக்குவாதம்

கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் இறங்கிய முதல் நாள். துக்-துக் ஓட்டுநர் கேட்ட கட்டணத்தில் 2,000 ரியெலைக் குறைக்கச் சொல்லி நண்பர்களுடன் சேர்ந்து வாதாடினேன். ஆயிரக்கணக்கு என்றதும் பெருந்தொகையாகத் தோன்றியது. அவர் சிரித்தபடியே விட்டுக்கொடுத்தார்.

அங்கே அமெரிக்க டாலரும் புழங்குகிறது. ஏறத்தாழ 4,000 ரியெல் ஒரு டாலர். ஆனால் அமெரிக்கச் சில்லறைக் காசுகள் புழக்கத்தில் இல்லை. மீதியை ரியெல் நோட்டுகளாகத்தான் தருவார்கள்.

மாலையில் ஒரு டாலர் கொடுத்துத் தண்ணீர் போத்தல் வாங்கினேன். கைக்கு வந்த மீதி 2,000 ரியெல். வெறும் அரை டாலர்! இதற்காகவா உச்சிவெயிலில் ஒருவரை நிற்கவைத்தோம்?

மறுநாள் முதல், பேரம் பேசுமுன் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பெரும்பாலும், பேரம் தேவைப்படவே இல்லை.