நாய்க்குட்டியின் தாகம்

ஒரு கோடையில், படப்பையிலுள்ள என் இல்லத்திற்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. எடை நான்கு கிலோ. பால்சோறு தின்று வளர்ந்த அதற்கு, கடையில் பையில் விற்கும் உலர் உணவை வாங்கி வைத்தேன். இரண்டே நாளில் அது ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கிற்று, வீடெங்கும் நனைத்தது. "தண்ணீரைக் குறையுங்கள், சார்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். நானும் ஒரு பகல் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன். மாலையில் அந்தக் குட்டி, செடிக்கு ஊற்றிய சேற்று நீரை நக்கிக்கொண்டிருந்தது! என் தவறு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தாகம் நோயன்று, உடல் விடுக்கும் அறிவிப்பு. நலமான சிறுநீரகம், இரத்தத்தை வடிகட்டியபின் நீரின் பெரும்பகுதியை மீட்டு உடலுக்கே தருகிறது. அது பழுதுற்றால் நீர் வீணே வெளியேறும். அந்த இழப்பை ஈடுசெய்யவே தாகம் எழுகிறது. நீரிழிவிலும் இவ்வாறே நிகழும். அந்நிலையில் தண்ணீரை மறுத்தால் உயிருக்கே கேடு விளையலாம்.

ஆகவே, தடுப்பதை விட்டு அளக்கத் தொடங்கினேன். வளர்ந்த நாய், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் சுமார் 50 முதல் 60 மில்லி நீர் அருந்தும். 100 மில்லியைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டவேண்டும். குட்டிகளுக்குச் சற்று மிகுதியாகவே தேவைப்படும். என் குட்டி குடித்தது 350 மில்லி. அதாவது கிலோவுக்கு 88 மில்லிக்குள். 1903-இல் தொடங்கப்பெற்ற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றேன். சிறுநீர்ச் சோதனையில் குறையேதும் தென்படவில்லை. பால்சோற்றில் பெரும்பங்கு நீர்; உலர் உணவிலோ நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே. கிண்ணத்தில் குடித்தது, முன்பு சோற்றோடு சேர்ந்து உள்ளே சென்ற நீரே!

அவ்வாறாயின் உணவை ஐயுறவே வேண்டாமா? வேண்டும். 2007-இல் வட அமெரிக்காவில், கடையில் விற்ற உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் மிகுந்த தாகமும் வாந்தியும் கண்டு, சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் இரசாயனப் பொருள் கலந்திருந்தது. ஏன் கலந்தார்கள்? டென்மார்க் நாட்டு கெல்டால் 1883-இல் கண்ட முறைப்படி, உணவின் நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவது வழக்கம். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் கலந்தால் நான்கு கிராம் புரதம் போலக் கணக்கில் தோன்றும். அதுவோ சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகி, அவற்றை அடைத்துவிட்டது. அடுத்த ஆண்டே சீனாவில் குழந்தைகளின் பால்மாவிலும் இதே வஞ்சகம் வெளிப்பட்டது.

மாணவர்களே, பையின்மேல் அச்சிட்ட எண் மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. உணவை மாற்றும்போது சில நாட்களுக்குப் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து கொடுங்கள். பையின் தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். தாகத்தோடு வாந்தியோ சோர்வோ கண்டால், அளந்துகொண்டிராமல் அவ்வுணவை நிறுத்தி மருத்துவரை நாடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். வாயில்லாப் பிராணி தன் குறையைச் சொல்வதற்கு அந்தக் கிண்ணம் ஒன்றே வழி.