அனுப்பாத மதிப்பெண்ணும் பேசும்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் போன்ற ஒற்றை எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தப்படுவதில்லை. உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மாணவரின் கட்டுரை, வகுப்பறைக்கு வெளியே அவர் ஈடுபட்ட பணிகள், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்னும் பொதுத் தேர்வின் முடிவு ஆகியவற்றை ஒருசேரப் படித்தே சேர்க்கை அலுவலர்கள் முடிவெடுக்கின்றனர். இவற்றுள் பட்டியலும் பரிந்துரையும் பள்ளியிலிருந்து நேரே சென்றுவிடுகின்றன. கட்டுரையை எழுதியே ஆகவேண்டும். எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்னும் உரிமை மாணவருக்கு உண்மையில் இருப்பது பொதுத் தேர்வு மதிப்பெண்ணிலும் கூடுதல் செயல்பாடுகளிலும்தான்.

மதிப்பெண்ணை அனுப்புவது மாணவரின் விருப்பம் என்னும் ஏற்பாடு புதிதன்று. மெயின் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969-லேயே அதைக் கொண்டுவந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 2018-ல் அவ்வழியைப் பின்பற்றியது. 2020-ல் பெருந்தொற்றால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது ஏறத்தாழ எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களும் அதே நிலைக்கு வந்துசேர்ந்தன. பின்னர் பாதைகள் பிரிந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கை முடிவில் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை என்னும் நிலையை எடுத்தது, எம்.ஐ.டி. 2022-லும், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024-லும் தேர்வை மீண்டும் கட்டாயமாக்க முடிவு செய்தன. யேல் ஒரு நடுவழியைக் கண்டது: எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. ஆகியவற்றுக்குப் பதிலாக, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்களின் தேர்வு முடிவுகளையோ ஐ.பி. என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் தேர்வு முடிவுகளையோ தரலாம் என்றது. ஆனால் அவ்வழியைத் தேர்பவர் எழுதிய பாடங்கள் அனைத்தின் முடிவையும் தரவேண்டும். ஆகவே விண்ணப்பதாரர் முதலில் செய்யவேண்டியது, தாம் நாடும் கல்லூரி இவ்வகைகளுள் எதைச் சேர்ந்தது என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பிலிருந்தே உறுதிசெய்துகொள்வதாகும். மூத்த மாணவர்கள் சொன்னது இரண்டே ஆண்டுகளில் பழங்கதையாகியிருக்கக்கூடும்.

விருப்பம் என்று விடப்பட்ட கல்லூரிகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண்ணில் நடுப்பாதியினரின் எல்லைகளை வெளியிடுகிறது. எஸ்.ஏ.டி.யில் 1480 முதல் 1550 வரை என்று ஒரு கல்லூரி குறிப்பிட்டால், கால்பங்கினர் 1480-க்குக் கீழும் கால்பங்கினர் 1550-க்கு மேலும் பெற்றிருக்கின்றனர் என்று பொருள். நடுப்புள்ளிக்கு மேல் இருந்தால் அனுப்பு, கீழெல்லைக்கும் கீழே இருந்தால் விட்டுவிடு என்பது ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. இவ்விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த எல்லைகள் மதிப்பெண் அனுப்பியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டவை. குறைவாகப் பெற்றவர்கள் அனுப்பாமல் விடுவதால் கீழெல்லை மேலேறுகிறது, அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் சிலர் விட்டுவிடுகின்றனர், எல்லை மேலும் ஏறுகிறது. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்னும் புள்ளிவிவர ஆவணத்தில், சேர்ந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் மதிப்பெண் அனுப்பினர் என்பதும் இருக்கும். அந்த விழுக்காட்டையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு 1480 என்னும் எண் உள்ளதைவிட உயரமான சுவராகத் தெரியும்.

இதைவிட முதன்மையானது, மதிப்பெண் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்பது. விண்ணப்பத்துடன் பள்ளி ஆலோசகர் அனுப்பும் பள்ளி விவரக் குறிப்பில், அங்கு எத்தனை உயர்தரப் பாடங்கள் நடத்தப்படுகின்றன, மாணவர்கள் பொதுவாக எவ்வளவு மதிப்பெண் பெறுகின்றனர் என்பன போன்ற செய்திகள் இருக்கும். பெரும்பாலோர் 1050 அளவில் நிற்கும் பள்ளியிலிருந்து வரும் 1400, பலரும் 1500-ஐத் தாண்டும் பள்ளியிலிருந்து வரும் 1400 ஆகிய இரண்டையும் அனுபவமுள்ள அலுவலர் ஒன்றாகக் கருதமாட்டார். டார்ட்மத் கல்லூரி 2024-ல் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்ததற்கு அதன் பேராசிரியர்கள் நடத்திய ஆய்வு அடிப்படையாக இருந்தது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்களுள் சிலர், தமக்கு நன்மை செய்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையே போதாது என்று கருதி அனுப்பாமல் மறைத்திருந்தனர் என்பது அதன் கண்டறிதல்களுள் ஒன்று. அவர்களுக்கு உதவும் என்று எண்ணிக் கொண்டுவரப்பட்ட தெரிவுரிமை, அதைப் பயன்படுத்தும் நுணுக்கம் சொல்லித்தர ஆளில்லாதவர்களுக்கே எதிராகத் திரும்பியிருந்தது. மதிப்பெண் இல்லாத இடத்தை அலுவலர் குற்றமாகக் கொள்வதில்லை என்று கல்லூரிகள் உறுதியளிப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், ஏற்கெனவே கையிலிருக்கும் சான்றுகளில் ஐயம் எழும்போது அதைத் தீர்க்கக்கூடிய ஒன்று அங்கே இல்லை என்பதும் உண்மையே.

அனுப்புவது என்று முடிவான பின்பும் எந்த அமர்வின் மதிப்பெண் என்ற கேள்வி எஞ்சும். பல கல்லூரிகள் சூப்பர்ஸ்கோர் என்னும் முறையில், வெவ்வேறு நாள்களில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் உச்ச மதிப்பெண்ணையும் எடுத்துக் கூட்டுகின்றன. முதல் முறை கணிதத்தில் 740, மொழிப் பகுதியில் 640 என 1380-உம், இரண்டாம் முறை 700, 710 என 1410-உம் பெற்றவருக்கு இம்முறையில் 1450 கிடைக்கிறது. ஜார்ஜ்டவுன் போல எல்லா அமர்வுகளின் முடிவையும் கேட்டுவந்த பல்கலைக்கழகங்களும் உண்டு. ஏ.பி. தேர்வுகள் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடப்படுபவை. நான்கும் ஐந்தும் பெற்றவற்றைத் தயங்காமல் குறிப்பிடலாம், மூன்று என்பது பள்ளியையும் கல்லூரியையும் பொறுத்தது.

செயல்பாடுகளைப் பொறுத்தவரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பம் பத்து இடங்களைத் தருகிறது. ஒவ்வொன்றையும் விளக்க இடைவெளி உட்பட 150 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. எம்.ஐ.டி. தன் சொந்த விண்ணப்பத்தில் நான்கே நான்கைக் கேட்கிறது. பத்து இடங்களையும் நிரப்பியாகவேண்டும் என்னும் பதற்றத்தில் ஒருநாள் முகாமையும் பெயரளவிலான மன்ற உறுப்பினர் பொறுப்பையும் சேர்ப்பவர்கள், நல்லவற்றையும் அவற்றுக்கிடையே புதைத்துவிடுகின்றனர். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் படிவம் கேட்பதால், பத்துச் செயல்பாட்டுக்கும் தலா பதினைந்து மணி நேரம் எழுதியவரின் வாரத்தில் உறங்க நேரமே இருந்திருக்காது என்பதைக் கூட்டிப் பார்க்க அலுவலருக்கு நொடிப்பொழுது போதும்.

அமெரிக்கவாழ் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி இடம்பெறும் பரதநாட்டிய அரங்கேற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சொல்லை மட்டும் எழுதிவிட்டால் அயோவாவில் வளர்ந்த அலுவலருக்கு அது ஏதோ பள்ளி ஆண்டுவிழா நடனமாகத் தோன்றலாம். பத்தாண்டுப் பயிற்சி, நேரடி இசைக் குழுவுடன் இரண்டு மணி நேரத் தனி நிகழ்ச்சி, இப்போது சிறுவர்களுக்கு வாரந்தோறும் வகுப்பு என்று எழுதினால் அதே 150 எழுத்துகளில் உழைப்பும் தொடர்ச்சியும் தெரியும். (மண்டபத்துக்கும் விருந்துக்கும் ஆன செலவு அங்கே இடம்பெறாதிருப்பது நல்லது.) நடனத்தின் காணொளியைத் தனியே அனுப்பச் சில கல்லூரிகள் இடமளிக்கின்றன, துறைப் பேராசிரியர் பார்த்து வியக்கும் தரத்தில் இருந்தாலொழிய அதனால் பயனில்லை.

மறுபுறம், பட்டியலில் இடம்பெறத் தகுதியற்றவை என்று மாணவர்களே ஒதுக்கிவிடுபவை உண்டு. தம்பி தங்கையரைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து இரவு உணவு கொடுப்பது, ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பது, குடும்பக் கடையில் மாலைதோறும் கல்லாவில் அமர்வது ஆகியவை எந்த மன்றத் தலைமைக்கும் குறைந்தவை அல்ல. காமன் ஆப் குடும்பப் பொறுப்புகளுக்கென்றே ஒரு பிரிவை வைத்திருக்கிறது. மற்ற செயல்பாடுகளுக்கு ஏன் நேரமில்லை என்பதையும் அதுவே விளக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்பவர்களின் நிலை சற்று வேறானது. பெரும்பாலான பள்ளிகளில் விவரக் குறிப்பு எழுத ஆலோசகர் இல்லை. பிளஸ் டூவில் 600-க்கு 560 என்பது அந்தப் பள்ளியிலும் மாவட்டத்திலும் எவ்வளவு அரிது என்பதைத் தொலைவிலிருக்கும் அலுவலர் ஊகிக்க இயலாது. அத்தகையோருக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண் அலுவலர் ஏற்கெனவே அறிந்த அளவுகோலாக அமைவதால், கட்டாயமில்லாத கல்லூரிக்கும் அதை அனுப்புவதே பெரும்பாலும் உகந்தது. ஆங்கிலத் திறனுக்கான டோஃபெல் போன்ற தேர்வு இதற்கு ஈடாகாது. அது தனியே கேட்கப்படுவது. தலைமையாசிரியரிடம் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, கடந்த ஆண்டின் உயர்ந்த மற்றும் சராசரி மதிப்பெண், பாடப்பிரிவுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வாங்கி, பள்ளியின் பெயரிலேயே மதிப்பெண் பட்டியலுடன் அனுப்பச் செய்வது அதே அளவுக்குப் பயன்தரும் வேலை. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குரிய நவம்பர் தொடக்கத்துக் கெடு காலாண்டுத் தேர்வு முடிந்த சில வாரங்களிலேயே வந்துவிடுவதால், அந்தக் குறிப்பைக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே கேட்டுவைக்கவேண்டும்.