கப்பலின் கண்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து பார்த்தால் கடல் தெரிவதில்லை. எனினும் கப்பற்சாளரத்தை அறிய அங்கிருந்தே தொடங்கலாம். செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் திருப்பெரும்புதூரில் கண்ணாடித் தகடு உருவாக்கி வருகிறது. உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை, இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகிற்கு அறிவித்தது. அத்தகட்டை மீண்டும் சூடேற்றிக் காற்றைப் பீய்ச்சி விரைந்து குளிர்வித்தால், அது பன்மடங்கு வலுப்பெறும். பேருந்தின் பக்கக் கண்ணாடியும் கப்பலின் வட்டச் சாளரக் கண்ணாடியும் இவ்வாறு உறுதியாக்கப்படுபவையே.

அவ்வட்டச் சாளரத்தை ஆங்கிலத்தில் பொதுமக்கள் 'போர்ட்ஹோல்' என்பர். கப்பல் கட்டுவோர் 'ஸ்கட்டில்' என்பர். முன்னதிலுள்ள 'போர்ட்', வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. பீரங்கியை நீட்டுவதற்காகக் கப்பலின் பக்கத்தில் வெட்டிய திறப்பும் 'போர்ட்' எனப்பட்டது. நாம் வழங்கும் 'சன்னல்', 'ஜனெலா' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. அதற்கும் வேர், வாயிலைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லே. தமிழோ காற்றை எண்ணிப் பெயரிட்டது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. இரண்டும் சேர்ந்து காலதர். துறைமுக நகராகிய புகாரின் மாளிகைகளில் மான்கண் போன்ற காலதர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆங்கில 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்றே பொருள்படும்.

கப்பலின் பக்கச் சாளரத்தைக் காலதர் எனலாமா? ஒளி வேண்டும்; நீர் புகலாகாது என்பதே அங்கு முதல் தேவை. சுமைக்கோடு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் விதிகள் இச்சொல்லை அளவிட்டே வரையறுக்கின்றன. 0.16 சதுர மீட்டர் பரப்புக்கு மிகாத வட்டமோ நீள்வட்டமோ ஆன திறப்பே ஸ்கட்டில். மிகுந்தால் அது சாளரம். வட்டமாயின் விட்டம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அலை மோதும்போது சதுரத் திறப்பின் மூலைகளில் தகைவு குவிந்து விரிசல் தோன்றக்கூடும், வட்டத்திற்கு மூலையில்லை. மேலும், நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளச் சாளரங்களுக்கு உட்புறம் கீல் பொருத்திய உலோக மூடியும் வேண்டும். கண்ணாடி உடைந்தாலும் அம்மூடி கடலைத் தடுக்கும்.

கலைச்சொல் ஆக்குவோர் இங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஏனெனில், 'ஸ்கட்டில்' வினைச்சொல்லாக வருமிடத்துக் கப்பலைத் தாமே மூழ்கடித்தலைக் குறிக்கும். 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் சிறைப்பட்டிருந்த ஜெர்மானியக் கடற்படையினர், எதிரிகள் கைக்கொள்ளாவண்ணம் தம் கப்பல்களுக்குள் கடல்நீரைத் திறந்துவிட்டனர். 52 கப்பல்கள் மூழ்கின. அகராதியில் முதற்பொருளை மட்டும் கண்டவர், அவர்கள் கப்பல்களுக்குச் சன்னல் வைத்தனர் என்றே மொழிபெயர்த்திருப்பார்.