கல் பாலமும் கடைக் கணக்கும்

கடலூர், சிதம்பரம் வட்டார வணிகர்களாகிய நமக்கு மண்டியா என்றதும் வெல்லம்தான் நினைவுக்கு வரும். வெல்லக் கொள்முதலுக்குப் போகும் நம்மவர்கள் அடுத்துள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரங்கனைச் சேவித்து, திப்புவின் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். கோட்டைக்குப் போகும் வழியில் காவிரியின் வடகிளை மீது நிற்கும் பழைய கல் பாலத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. நமது தொழிலில் உள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அதுதான்.

அன்றைய கவர்னர் ஜெனரலின் பெயரால் வெல்லெஸ்லி பாலம் என்பார்கள். கட்டியவர் மைசூர் திவான் பூர்ணய்யா. 1804-இல் வேலை முடிந்தது. வளைவு கிடையாது. ஆற்றில் வரிசையாகக் கல்தூண்கள், தூண் தலையில் போதிகை, அதன்மேல் கல் உத்தரம். நமது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தை ஆற்றில் இறக்கி வைத்தாற்போல இருக்கும்.

பூர்ணய்யா 1746-இல் கோவைப் பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, ஒரு வணிகர் கடையில் கணக்கு எழுத அமர்ந்தார். அந்த முதலாளிக்குப் பழக்கமான பெரிய வியாபாரி அன்னதான செட்டி, ஹைதர் அலியின் அரண்மனைக்கு மளிகைச் சரக்கு அனுப்பி வந்தவர். அவர் மூலமாகத்தான் பையனின் கணக்குத் திறமையும் ஞாபக சக்தியும் ஹைதரின் காதுக்கு எட்டின. 1782 டிசம்பரில் ஹைதர் பாசறையில் இறந்தபோது, திப்பு வந்து சேரும்வரை செய்தியை வெளியே விடாமல் படையைக் கலையாமல் காத்தவர்களில் இவரும் ஒருவர். 1781 ஜூலையில் நமது பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயரோடு மோதிய அதே படைதான். அத்தனை பேருக்கு அரிசியும் சம்பளமும் ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை மளிகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1799 மே 4-இல் கோட்டை விழுந்தது, திப்பு மாண்டார். பூர்ணய்யா, சிறுவராயிருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குத் திவானாகி 1811 வரை நிர்வாகம் பார்த்தார். எதிரி ஆற்றைத் தாண்டக்கூடாது என்று கட்டிய கோட்டைக்கு, வண்டி சுலபமாகப் போய்வரப் பாலம் போட்டார். கடையில் கணக்கு எழுதியவர் புத்தி அப்படித்தான் போகும் என்பது நமது எண்ணம்.

நமது கடைகளில் பொட்டலம் கட்டும் பையன்களுக்குப் பேரேடு எழுத இப்போது யார் கற்றுத் தருகிறோம்? கம்ப்யூட்டர் பில் போடுகிறது, பையன் பொத்தானை அமுக்குகிறான். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போகும்போது, வந்தபோது தெரிந்ததுதான் அவனுக்குத் தெரிகிறது. மாலையில் ஒரு மணி நேரம் கணக்கு வகுப்பு நடத்த அதிகச் செலவாகாது. சங்கக் கட்டடத்தின் மாடி அந்த நேரத்தில் சும்மாதான் கிடக்கிறது.