படகுக் கார்களின் சாயங்காலம்

சித்திரை, வைகாசி மாதங்களில், பகலெல்லாம் அனலாய்க் காய்ந்த வெயில் தணிந்து, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைத் தாண்டிக் கடற்காற்று மெல்ல உள்ளே புகுகிற சாயங்கால வேளையில், சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டிலிருந்து துறைமுகத்தை நோக்கிப் போகும் சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவது என் நெடுநாளைய வழக்கம். நிலக்கரி லாரிகளுக்கும் கன்டெய்னர் வண்டிகளுக்கும் நடுவே, புத்தம் புதிய கார்களை இரண்டடுக்காகச் சுமந்துகொண்டு நீண்ட டிரெய்லர்கள் வரும். இன்று காமராஜர் துறைமுகம் என்று வழங்கும் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து 2010-ஆம் ஆண்டு முதல் கார்கள் கப்பலேறி அந்நிய தேசங்களுக்குப் போகின்றன. நம் மண்ணில் பிறந்தும் நம் சாலையில் ஒரு காத தூரமாவது ஓடிப் பாராமல் சமுத்திரம் கடக்கப் போகும் அந்த வாகனங்களைக் காணும்போதெல்லாம், ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன் இதே சமுத்திரத்தின் வழியாக எதிர்த்திசையில் வந்து சென்னையில் இறங்கிய அமெரிக்கக் கார்களின் ஞாபகம் எனக்கு வந்துவிடும்.

அவற்றுக்கு நம் ஜனங்கள் இரண்டு பெயர்கள் இட்டிருந்தார்கள். லாரி, பஸ் முதலிய உழைக்கும் வண்டிகளினின்று பிரித்துச் சொல்வதற்காக ஆங்கிலம் அறிந்தவர்கள் 'பிளெஷர் கார்' என்று சொன்னதைக் கிராமத்தார் பாதியில் நிறுத்தி, 'பிளசர்' என்றே அழைத்தார்கள். உல்லாசம் என்ற பொருளுள்ள சொல்லே வாகனத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பிறகு, இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் வந்த, அகன்று நீண்டு பின்புறத்தில் மீன்போல் வால் விரித்த வண்டிகளைக் கண்டவர்கள் 'படகுக் கார்' என்றார்கள். 1959-ஆம் வருஷத்துக் கெடிலாக்கின் நீளம் 225 அங்குலம், அதாவது பதினெட்டே முக்கால் அடி. நம்முடைய அம்பாஸடரோ 14 அடியைச் சற்றே தாண்டும். ஆனால் படகு என்ற உவமையின் பொருத்தம் நீளத்தில் மட்டும் இல்லை. மிருதுவான வில்களின்மேல் அமர்ந்த அந்தக் கனத்த உடல், மேடு பள்ளங்களில் குலுங்காமல், அலைமேல் ஏறி இறங்குவதைப்போல் அசைந்து போகும் அழகை அதில் ஏறி உட்கார்ந்தவர்களே அறிவார்கள்.

இவை இங்கே வந்த விதமும் சொல்லத் தக்கது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் உற்பத்தியான பொருளுக்குச் சுங்கச் சலுகை உண்டாகையால், கனடாவிலிருந்த ஃபோர்டு கம்பெனியே 1926-இல் இந்தியக் கிளையை நிறுவி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகப் பட்டினங்களில் தொழிலைத் தொடங்கியது. பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்திறங்கியவை இங்கே பூட்டப்பட்டுக் கார்களாயின. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கடை விரித்தது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் கம்பெனி 1947 முதல் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டித் தந்தது. வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே உற்பத்தி செய்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-இல் சர்க்கார் முடிவு செய்தபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதன் பின்னர் அந்நிய தூதர்கள் தங்கள் உபயோகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு அரசு வாணிபக் கழகத்தின் வழியாக விற்கப்பட்ட கார்களே அபூர்வமாக நம்மவர் கைக்குக் கிட்டின. மறுபடியும் வந்த ஃபோர்டு, மறைமலை நகரில் செய்த ஈக்கோஸ்போர்ட் காரை அமெரிக்காவுக்கே அனுப்பிவிட்டு, 2022-இல் அந்நகரிலும் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது என்பது அண்மைக் கால சரித்திரம்.

பழைய படகுக் கார்கள் பிறந்த அமெரிக்காவில், மோட்டார் தொழிலின் தலைநகரான டெட்ராயிட்டில், உட்வர்டு அவென்யூ என்ற ராஜபாட்டை உண்டு. 1909-இல் கான்கிரீட் போட்ட முதல் ஒரு மைல் சாலை அதிலேயே அமைந்தது. 1995 முதல் ஆகஸ்டு மாதங்களில் பழைய கார்களின் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடி, எந்த இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரமின்றி மெல்ல ஓட்டிச் செல்கிறார்கள்; சாலையின் இரு மருங்கிலும் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். இதைப் புதுமையாக எண்ண நமக்குக் காரணமில்லை. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயரிட்ட கடற்கரைச் சாலைக்கு, முதலில் கோச்சு வண்டிகளிலும் பிறகு கார்களிலும், ஒரு காரியமும் இல்லாமல் போய் வந்த சென்னைவாசிகள், தாங்கள் செய்ததற்குக் 'காற்று வாங்குவது' என்று பெயர் வைத்திருந்தார்கள். விலை கொடாமல் வாங்கக்கூடிய அந்த ஒரு பொருளை வாங்குவதற்கு, உல்லாசம் என்றே பெயர் கொண்ட பிளசரைவிட ஏற்ற வாகனம் எது?

கோடைக்காலத்தில் சாயங்காலத்தைத் தேர்ந்துகொள்வதற்குச் சுகம் ஒன்றே காரணமன்று. அந்த இயந்திரங்களின் சுபாவமும் அதையே கேட்கிறது. நடுப்பகலில் நெரிசலில் நின்று நின்று போனால் ரேடியேட்டர் கொதித்துவிடும். அதற்கு முன்பே, சூடேறிய குழாயில் பெட்ரோல் ஆவியாகி, ஆவியை இழுக்கத் தெரியாத பம்பு திகைத்து நிற்க, வண்டியும் நின்றுவிடும். அப்படியே இருட்டும் வரை காத்திருக்கலாம் என்றாலோ, 1950-களின் மத்தி வரையில் பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் ஆறு வோல்ட் பாட்டரியை நம்பியிருந்தவை. அவற்றின் முகவிளக்கு, இன்றைய வண்டிகளின் கண் கூசும் வெளிச்சத்தின் எதிரே அகல் விளக்குப்போல் ஆகிவிடும். ஆகவே வெயில் தாழ்ந்து இருள் கவிவதற்கு இடைப்பட்ட அந்த ஒன்றரை மணி நேரமே அவற்றுக்கு உகந்த முகூர்த்தம்.

அந்த முகூர்த்தத்தில் ஒரு முறை பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்கும் வாய்த்தது. நண்பர் ஒருவர் தம் தகப்பனார் வைத்துப்போன படகுக் காரில் சேப்பாக்கத்திலிருந்து சாந்தோம் வரை என்னை அழைத்துச் சென்றார். ஒரே பலகையாக நீண்ட முன்னிருக்கையில் மூவர் தாராளமாக உட்காரலாம். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருந்ததால் காலை மடக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாணி சுண்டல் விற்கும் பையன் ஓடிவந்து கதவைத் தொட்டுப் பார்த்தான். பஸ் ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை மெதுவாக்கி வழி விட்டார். உழைப்பாளர் சிலையருகே இயந்திரம் நின்றபோது, நண்பர் பதறவில்லை. ஈரத்துணி ஒன்றைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு, ஜுரம் கண்ட குழந்தையின் அருகில் அமர்வதுபோல் மட்கார்டில் சாய்ந்துகொண்டார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடீ மியூசியத்திலும், சென்னையில் ஏ.வி.எம். காட்சியகத்திலும் பழைய கார்கள் மிகுந்த சிரத்தையோடு காக்கப்படுகின்றன. அவ்வுபகாரத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் நின்றுவிட்ட காரில் ரப்பர் இறுகுகிறது, கார்பரேட்டர் அடைத்துக்கொள்கிறது, பிரேக் துருவேறிப் பிடித்துக்கொள்கிறது. "ஓட்டாம வெச்சா இது செத்துப்போயிடும் சார்" என்று புதுப்பேட்டையில் ஒரு முதிய மெக்கானிக் என்னிடம் சொன்னார். கிடைக்காத பாகத்தைக் கடைந்தே செய்துவிடும் கை அது. 2021-இல் வந்த மத்திய சர்க்காரின் விதி, 50 வயது கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவெண் வரிசையைத் தந்து கௌரவித்தது. ஆயினும் அவ்வாறு பதிவான வண்டிகளை நித்திய உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்த்தல், பெட்ரோல் போடுதல் முதலியவற்றுக்கே ஓட்டலாம் என்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் காற்று வாங்கப் போவதையும் அந்த ஜாபிதாவில் சேர்த்திருக்கலாம் என்பது என் மனப்பூர்வமான அபிப்பிராயம்.

நண்பரிடம் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னைப் பிரபுக்கள் படகு விடவும் விடுமுறை கழிக்கவும் எண்ணூருக்கு வருவது உண்டு. அந்தப் பழைய பாதையில், ராயபுரம், திருவொற்றியூர் வழியாக, லாரி நடமாட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில், தம் படகை அத்திப்பட்டு வரை ஓட்டிவர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பின்சக்கரத்து டயர் ஒன்று தேய்ந்திருக்கிறதாம். அந்த அளவில் வேறொன்று கிடைத்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.