மும்தாஜ் நிறத்தில் ஆறு மீட்டர்

டெல்லி லாஜ்பத் நகர் கடைத்தெருவில், துணிக்கடைகளை ஒட்டிய நடைபாதையில் சாயக்காரர்களைப் பார்க்கலாம். அடுப்பின் மேல் அலுமினியச் சட்டி, பக்கத்தில் சாயப்பொடி டப்பாக்கள், துணியைப் புரட்ட ஒரு குச்சி. ரவிக்கைத் துணியைக் காட்டினால் துப்பட்டாவை அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தராசு கிடையாது, அளவு கிடையாது. விரல் நுனியில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

துணிக்குப் பதிலாக ஒரு செல்போன் நீட்டப்படும்போதுதான் சிக்கல். அதில் மும்தாஜ் இருப்பார். 1968இல் வெளிவந்த 'பிரம்மச்சாரி' இந்திப் படத்தில், ஷம்மி கபூருடன் ஆடும் பாட்டில் அவர் உடுத்திய ஆரஞ்சுப் புடவை. படத்தின் நாயகி ராஜஸ்ரீ. ஆனால் அரை நூற்றாண்டு தாண்டியும் கல்யாண வீட்டு சங்கீத் நிகழ்ச்சிகளிலும் கல்லூரி விழாக்களிலும் திரும்பத் திரும்ப வருவது மும்தாஜின் புடவைதான். அதை வடிவமைத்தவர் கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா. 'காந்தி' படத்துக்காக 1983இல் ஆஸ்கர் வாங்கி, அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் ஆனவர். 2020இல் காலமானார்.

எந்த ஆரஞ்சு என்பதுதான் கேள்வி. இணையத்தில் அந்தப் பாட்டுக்குப் பல பிரதிகள். ஒன்றில் பழுத்த ஆரஞ்சு, இன்னொன்றில் செங்கல், மற்றொன்றில் கிட்டத்தட்ட ரோஜா. மூன்றும் ஒரே புடவை! அந்தக் காலத்து வண்ணப் படச்சுருளில் இருக்கும் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பெரும்பாலும் நீலப்பச்சை முதலில் போகும், மிஞ்சுவது சிவப்பு. பழைய படங்கள் பலவும் ரோஜா நிறத்தில் தெரிவதன் காரணம் இதுதான். பிறகு அதைக் கணினியில் சரி செய்தவரின் ரசனை, செல்போன் திரையின் வெளிச்சம், படப்பிடிப்புத் தளத்தின் விளக்குகள். இத்தனையும் தாண்டி வந்த நிறத்தைப் பார்த்துத்தான் சட்டியில் பொடி போட வேண்டும். அசலைப் பார்த்துச் சரிபார்க்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. நம் ஸ்டுடியோக்களில் படம் முடிந்ததும் உடை பெட்டிக்குள் போகும். பிறகு பிரித்துத் தைத்து வேறு யாருக்காவது போகும். அதைப் பாதுகாக்க வேண்டிய பொருளாக நினைத்தவர்கள் மிகக் குறைவு.

'முகல்-ஏ-ஆஸம்' கதை இன்னும் வேடிக்கை. 1960இல் வந்த அந்தப் படத்தில் கண்ணாடி மாளிகைப் பாட்டு உள்ளிட்ட சில பகுதிகள் மட்டுமே வண்ணம். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. 2004இல் கணினி வழியாக முழுப் படத்துக்கும் நிறம் ஏற்றி வெளியிட்டார்கள். கண்ணாடி மாளிகையில் மதுபாலா உடுத்தியதை நகலெடுப்பவருக்கு ஓர் அசல் நிறம் உண்டு. கறுப்பு வெள்ளைக் காட்சி உடையைக் கேட்பவருக்கு? அவர் நகலெடுப்பது கணினிக்காரர் தேர்ந்த நிறத்தை.

நிறத்தை விடுங்கள், துணியே ஏமாற்றும். கடையில் ஷிஃபான் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர். பட்டு ஷிஃபான் என்றால் திறந்த சட்டியில், கொஞ்சம் வினிகர் சேர்த்த வெந்நீரில் சாயம் ஏறிவிடும். பாலியெஸ்டருக்கு அதற்கென்று வேறு சாயம். அது சரியாக ஏற, மூடிய கலனில் அழுத்தத்தோடு ஏறத்தாழ 130 டிகிரி வெப்பம் வேண்டும். நடைபாதைச் சட்டி அதற்குப் போதாது. அதனால் அனுபவசாலி முதலில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். நூலைக் கொளுத்தாமல் வேலை எடுத்தவருக்குத் திட்டுத் திட்டாகப் போன புடவை மிஞ்சும், பல நேரம் துணிக்கான விலையையும் அவரே கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி போய்விடும். வாடிக்கையாளருக்கோ மறுநாள் மாலை நிகழ்ச்சி.

ஷிஃபானில் இன்னொன்று: ஒற்றை மடிப்பில் வெளிறித் தெரியும் நிறம், கொசுவத்தில் நாலைந்து மடிப்பு சேர்ந்ததும் அடர்ந்துவிடும். திரையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மடிப்பு. அந்த அடர்த்தியிலேயே துணியை முக்கினால், கட்டும்போது ஆரஞ்சு மாறிச் செங்கலாகிவிடும். ஈரத்தில் பார்க்கும் நிறமும் நம்பத்தக்கதல்ல, உலர்ந்தால் வெளிறும். ஒரு முழத் துண்டில் சாயமேற்றி, இஸ்திரி போட்டு, கொசுவி, வெயிலிலும் விளக்கிலும் பார்த்துவிட்டு முழுத் துணியைத் தொடுவதே புத்திசாலித்தனம். அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை.

அச்சுத் துணி என்றால் தலைவலி வேறு வகை. கட்ச், ராஜஸ்தான் பின்னணியில் எடுத்த படங்களின் பாவாடைகளைக் கேட்டு வருபவர்கள் ஏராளம். திரையில் தெரியும் பூவின் உண்மையான அளவு என்ன? நடிகையின் உள்ளங்கையோடு ஒப்பிட்டுக் குத்துமதிப்பாகக் கணக்கிட வேண்டும். கணினி அச்சு என்றால் ஒரு மீட்டர்கூட அடித்துத் தருகிறார்கள். ஆனால் காடாத்துணியை முதலில் அலசிக் கஞ்சியை நீக்காவிட்டால், 5 சதவீதம் சுருங்கும் பருத்தியில் 10 சென்டிமீட்டர் பூ ஒன்பதரை ஆகிவிடும். பின்பக்கமும் வெளுப்பாகவே இருக்கும். கேமரா அதைக் கவனிக்காது. மேடையில் சுழன்று ஆடும்போது முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

கையச்சு வேண்டுமென்றால் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் உள்ள பக்ருவுக்குப் போகலாம். கடுக்காய் நீரில் நனைத்த துணி. படிகாரம் விழுந்த இடம் மஞ்சிட்டியில் சிவக்கும். பழைய இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர் பட்ட இடம் கறுக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மரக்கட்டை. ஒரே ஒரு பாவாடைக்காகப் புதுக் கட்டைகள் செதுக்கினால் கட்டை விலை துணி விலையை மிஞ்சும். ஆகவே அச்சுக்காரர் தன்னிடம் உள்ள பழைய கட்டைகளில் ஏறக்குறைய ஒத்துப்போவதை எடுத்துக் காட்டுவார். படத்தில் உள்ளது போலவே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் திரும்பிப் போகிறார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்குக் கிடைப்பது நகல் அல்ல என்றாலும், நல்ல துணி. கணினிப் பூவைவிட எனக்கு இதுவே மேல் என்று படுகிறது.

மும்தாஜ் புடவைக்கு அச்சு வேலை கிடையாது. ஆனால் ஒரு ரகசியம் உண்டு: அது சுற்றிக் கட்டிய புடவையே அல்ல. ஆட்டத்தில் அவிழாமலிருக்க அத்தையா அதை உடலோடு ஒட்டித் தைத்து ஜிப் வைத்தார். நகலெடுப்பவரும் வைக்கத்தான் வேண்டும். ஜிப்பின் நாடா பெரும்பாலும் பாலியெஸ்டர், தையல் நூலும் அப்படியே. தைத்து முடித்த உடையைச் சட்டியில் போட்டால் புடவை ஆரஞ்சாகும். ஜிப்பும் தையலும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். விவரம் தெரிந்த தையல்காரர்கள் முதலில் கடைக்குப் போய், கிடைக்கிற ஆரஞ்சில் ஒரு ஜிப்பையும் ஒரு நூல்கண்டையும் வாங்கி வந்து சாயக்காரரிடம் கொடுக்கிறார்கள். செல்போனை மூடி வைத்துவிட்டு அவர் அந்த ஜிப்பைப் பார்த்துப் பொடி போடுகிறார்.